மூன்று பந்தும் ஒரு தையல் மெஷினும்: பினாங்கில் ஒரு வீட்டுத் தொழிலின் நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வில் வருபவர்கள் ஒரு மகனும் அம்மாவும். செபராங் பிறையில் அடுக்குமாடி வீடு ஒன்றில் இருக்கிறார்கள். இருவரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் கடை விவரமும் கிடையாது. நான் சின்ன வியாபாரங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவள். ஜக்லிங் பந்து, அதாவது மாற்றி மாற்றி எறிந்து பிடித்து விளையாடும் பந்து, வீட்டில் தைத்து விற்ற காசை வருமானவரிக்கு எப்படிக் காட்டுவது என்று கேட்டு 2022 நவம்பரில் மகன் என்னிடம் வந்தார். அதற்கு முன் நடந்ததை அவர்கள் சொல்லக் கேட்டும், ரசீதுகளையும் வாட்ஸ்அப் செய்திகளையும் வைத்தும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பின் நடந்தது நானே பார்த்தது.

பின்னணி

மகனுக்கு 2020இல் 34 வயது. பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அம்மாவுக்கு 61. முப்பது வருடமாக வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். தீபாவளி நெருங்கினால் அந்த மாடிப்படியில் செருப்பு வைக்க இடமிருக்காது.

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலைத் தடுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த மகன் மூன்று எலுமிச்சம்பழங்களை எறிந்து பிடிக்கப் பழகினார். பழங்கள் அடிபட்டு ஊறுகாய்க்குப் போன பிறகு டென்னிஸ் பந்துக்கு மாறினார். டென்னிஸ் பந்து ஏறக்குறைய 57 கிராம்தான். கையில் வந்து விழுவதே தெரியாது. தவறவிட்டால் குதித்து சோபாவுக்கு அடியில் ஓடிவிடும். புதிதாகப் பழகுகிறவர் அடிக்கடி தவறவிடுவார் என்பதால், குனிந்து பொறுக்குவதிலேயே பாதிப் பொழுது போயிற்று.

பந்தைக் கீறி உள்ளே அரிசி போட்டுப் பார்த்தார். கனம் சரியாக வந்தது, ஆனால் கீறல் விரிந்து அரிசி சிந்தியது. அதைக் கூட்டிப் பெருக்கிய அம்மா, "இதை ஒழுங்கா துணியில தச்சா என்னய்யா?" என்று கேட்டார். தொழிலின் தொடக்கம் அந்தக் கேள்விதான். தம் பாட்டி அம்மானைக் காய் எறிந்து ஆடியதை அவர் சிறு வயதில் பார்த்தவர். மகன் செய்வதை வேடிக்கை என்று அவர் ஒதுக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

முதல் பந்துகள் (2020 ஜூலை முதல் 2021 இறுதி வரை)

அம்மா கையில் இருந்தது ரவிக்கைக்கு மிஞ்சிய டூ பை டூ துணி. உள்ளே நிரப்பப் பச்சைப்பயறு. இணையத்தில் பார்த்து, ஆறு துண்டுகளை ஆரஞ்சுச் சுளைபோலச் சேர்த்துத் தைப்பது என்று மகன் முடிவு செய்தார். பந்தின் விட்டம் 65 மி.மீ. என்றால் சுற்றளவு 204 மி.மீ.; ஒவ்வொரு சுளையும் நடுவில் 34 மி.மீ. அகலம், நுனிக்கு நுனி 102 மி.மீ. நீளம், அதோடு தையலுக்கு விடும் ஓரம். கம்மக்கட்டுக்கும் கழுத்துக்கும் வளைத்து வெட்டிப் பழகிய அம்மாவுக்கு இந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை. கடைசியாக நாலு செ.மீ. வாயை விட்டு, பயறு நிரப்பி, கையால் ஒளிதையல் போட்டு மூடிவிடுவார்.

பந்து அருமையாக அமைந்தது. தானியம் நிரப்பிய பந்து கீழே விழுந்தால் உள்ளே மணிகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவி வேகத்தைத் தின்றுவிடும். விழுந்த இடத்திலேயே கிடக்கும். சோபாவை நகர்த்தும் வேலை முடிந்தது.

2021 முழுவதும், மூன்று பந்து ஒரு செட் என்று, 11 செட் நண்பர்களுக்குச் சும்மா போயிற்று. நவம்பரில் வேலையிடத்து நண்பர் ஒருவர் வற்புறுத்தி 20 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்தார். அதன் பிறகு விலை சொல்வது வழக்கமாகிவிட்டது.

சந்தைக்குப் போனது (2022 மார்ச்)

ஜார்ஜ்டவுனில் ஞாயிற்றுக்கிழமைக் கைவினைச் சந்தை ஒன்றில் மேசை எடுத்தார்கள். வாடகை 50 வெள்ளி. மூன்று பந்து கொண்ட செட் 25 வெள்ளி. மகன் மேசைக்கு முன்னால் நின்று எறிந்து காட்டுவார். நிற்பவர்கள் கையில் கொடுத்து, முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு என்று சொல்லித் தருவார். பத்து நிமிடத்தில் இரண்டு பந்தை ஒழுங்காக மாற்றிப் பிடித்துவிட்டவர் பெரும்பாலும் வாங்காமல் போக மாட்டார். விற்பனை உத்தி என்று அவர் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுப்பது பிடிக்கும், அவ்வளவுதான்.

தொழில் பதிவு செய்யவில்லை. மலேசியாவில் தொழில் தொடங்கி 30 நாளுக்குள் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் என்றால் 60. இவ்வளவு சின்னத் தொகைக்கு எட்டு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார். "இது பொழுதுபோக்குதானே அக்கா" என்றார் என்னிடம். மாதம் 40 செட் போகும் பொழுதுபோக்கு!

புகார்கள் (2022 மே முதல் ஆகஸ்ட் வரை)

முதல் புகார் சாயம். வியர்வைக் கையில் மெரூன் துணி சாயம் விட்டது. ரவிக்கையாக இருந்தால் முதல் துவையலில் போயிருக்கும். பந்தை யாரும் துவைப்பதில்லை. அதோடு டூ பை டூ துணி மெல்லியது என்பதால் ஆயிரக்கணக்கான எறிதலில் தையல் ஓரமாக நைந்தது. தடித்த சோபா துணிக்கு மாறினார்கள். அதற்கு 14ஆம் எண் ஊசி தாங்கவில்லை, 16 போட வேண்டியிருந்தது. ஆறு சுளைகளின் நுனியும் ஒன்றுசேரும் முனையில் துணி மடிப்பு தடித்து, அதிலும் ஊசி ஒடிந்தது.

இரண்டாவது புகார் மே மாதம். ஒருவர் படம் அனுப்பியிருந்தார்: துணியில் சின்னத் துளைகள், மேசையில் மாவு, நாலைந்து வண்டுகள். பயறு வண்டு மணிமேல் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமாகத் துளையிட்டு வண்டாக வெளியே வரும். வாங்கும்போது பார்த்தால் ஒன்றும் தெரியாது. பினாங்கின் வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மகன் பிளாஸ்டிக் மணிக்குத் தாவினார். 25 கிலோ மூட்டை ஒன்று வாங்கிவிட்டார். அதே அளவுப் பந்து 80 கிராம்தான் வந்தது; பயறில் 115 கிராம் இருந்தது. வாடிக்கையாளர்கள் இலகுவாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த மூட்டை இன்றும் பால்கனியில் இருக்கிறது, மேலே துளசித் தொட்டி.

தீர்வு சொன்னது அம்மா: கேழ்வரகு. அதில் வண்டு எளிதில் விழாது, ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும் என்பது கிராமத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்தது. மணி சிறிது என்பதால் பந்து கையில் மெத்தென்று அமரும். லிட்டில் இந்தியா கடைத்தெருவில் கிலோ 6 வெள்ளிக்குக் கிடைத்தது. ஒரு பந்துக்கு 110 கிராம், அதாவது 66 காசு. வேறு பூச்சி ஏதும் வராமலிருக்க, வாங்கிய பையை ஐந்து நாள் ஃப்ரீசரில் வைத்தெடுத்து, நன்றாகக் காயவிட்டு நிரப்பினார்கள். சோபா துணியின் நெசவில் கேழ்வரகு நுழைந்து வெளியே வரக்கூடாது என்று உள்ளே மெல்லிய பருத்திப் பை ஒன்றும் சேர்ந்தது. அதனால் தையல் கூடியது. யாரும் அதைக் குறித்து வைக்கவில்லை.

மூன்றாவது செய்தி ஆகஸ்டில். புகாராகக்கூட அவர் அனுப்பவில்லை, தகவல் சொன்னார். பழைய பயறுப் பந்து ஒன்றின் தையலை இரண்டு வயதுப் பிள்ளை பிரித்து, ஒரு பயறை மூக்கில் போட்டுக்கொண்டது. கிளினிக்கில் எடுத்துவிட்டார்கள். பயறு ஈரத்தில் ஊதும் என்பதால் நேரம் போயிருந்தால் எடுப்பது சிரமமாகியிருக்கும். மகன் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனார், அவர்கள் வாங்கவில்லை. அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை என்று பிற்பாடு சொன்னார்.

மேசையில் "சிறுவர் முதல் பெரியவர் வரை" என்று ஓர் அட்டை இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஏன் எடுக்கிறோம் என்று யோசித்து முடிவு செய்யவில்லை. அந்தக் கேள்வி ஐந்து மாதம் கழித்து வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

அக்டோபர் (2022)

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. சந்தையிலும் இணையத்திலும் சேர்த்து அந்த மாதம் 40 செட் ஆர்டர். அம்மா 23 ரவிக்கைகளை நேரமில்லை என்று திருப்பி அனுப்பினார். அதில் சிலர் இருபது வருட வாடிக்கை. மகனுக்கு இது தெரியாது. அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். கதவைத் தட்டி வந்தவர்களிடம் அம்மாவே பேசி அனுப்பிவிட்டார்.

நவம்பரில் அவர் என் முன்னால் வைத்த கணக்கு இப்படி இருந்தது. 40 செட், 1,000 வெள்ளி. துணி, கேழ்வரகு, நூல், உறை எல்லாம் செட்டுக்கு 7 வெள்ளி, ஆக 280. மேசை வாடகை 200. மிச்சம் 520 வெள்ளி லாபம்.

அம்மாவும் கூடவே வந்திருந்தார். ஒரு பந்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவரிடம் கேட்டேன். மகன் "இருபது நிமிஷம் இருக்கும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்குப் போய், கைபேசியில் நேரம் வைத்துப் பத்துப் பந்துக்குப் பார்த்தேன். வெட்டுவது, மெஷின், உள்பை, கடைசி ஒளிதையல் என்று அம்மாவின் வேலை மட்டும் சராசரி 28 நிமிடம். மகன் நிரப்பி எடைபார்ப்பது 5 நிமிடம்.

120 பந்துக்கு 28 நிமிடம் என்றால் 56 மணி நேரம். அப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,500 வெள்ளி, மணிக்கு 7.21. அந்தக் கணக்கில் போட்டாலே 404 வெள்ளி. லாபம் 116 ஆகிவிடுகிறது. ஆனால் அம்மாவின் நேரத்துக்கு உண்மையான விலை அது இல்லை. லைனிங் வைத்த ரவிக்கை ஒன்றுக்கு 40 வெள்ளி வாங்குகிறார், இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார். திருப்பி அனுப்பிய 23 ரவிக்கை 920 வெள்ளி. 520 வந்தது, 920 போனது. தீபாவளி மாதத்தில் அந்த வீட்டுக்கு 400 வெள்ளி குறைவு.

இதை ஒரு தாளில் எழுதி இருவருக்கும் காட்டினேன். மகன் ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "துணி எழுதியிருக்கே, நூல் எழுதியிருக்கே, உறை எழுதியிருக்கே. என்னை எங்கேயும் எழுதலையேய்யா." கோபமாகச் சொல்லவில்லை. நான் டீ ஆறிவிட்டது என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும் (2022 டிசம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை)

முதலில் பதிவு. தாமதமாகவாவது வணிகப் பெயரில் 60 வெள்ளி கட்டிப் பதிந்தார்.

இரண்டாவது, ஆறு சுளையிலிருந்து நாலு சுளைக்கு மாறியது. இது மகனுக்குப் பிடிக்கவில்லை. ஆறு சுளைப் பந்தின் உருண்டையும் இரண்டு நிற அழகும் அவருக்குப் பெருமை. கணக்கு வேறு மாதிரி பேசியது. ஆறு சுளையில் 102 மி.மீ. தையல் ஆறு, மொத்தம் 61 செ.மீ. நாலு சுளையில் 41 செ.மீ. தையலில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. முனையில் மடிப்பும் குறைவதால் ஊசியும் ஒடியவில்லை. சுளையின் நடு அகலம் 51 மி.மீ. ஆனது. துணி கொஞ்சம் இழுத்துக் கொடுப்பதால் நிரப்பிய பிறகு உருண்டை சரியாகவே நின்றது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் ஒரே ஒருவர், தெருவில் வித்தை காட்டுபவர்.

மூன்றாவது, கடைசி ஒளிதையலை மகன் கற்றுக்கொண்டார். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான மாற்றம். அம்மாவின் வேலை பந்துக்கு 15 நிமிடமாக இறங்கியது. மகன் முதலில் போட்ட தையல்கள் புண்ணுக்குப் போட்டதுபோல இருந்தன. ஒரு மாதம் ஆயிற்று. தானே தைக்கத் தொடங்கிய பிறகுதான் இருபது நிமிடம் என்று சொன்னதன் அபத்தம் அவருக்கு உறைத்தது.

நாலாவது, கூலி. பந்துக்கு 4 வெள்ளி, வாராவாரம் கையில். மணிக்குப் பார்த்தால் 16 வருகிறது, ரவிக்கையில் 20. குறைவாயிற்றே என்று கேட்டதற்கு அம்மாவின் பதில்: "பந்து தச்சா யாரும் வந்து கை பிடிக்குது, கழுத்து இறங்குதுன்னு சொல்ல மாட்டாங்கம்மா." அந்த 4 வெள்ளி வித்தியாசத்துக்கு அது நியாயமான விளக்கம் என்று ஏற்றுக்கொண்டேன். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். ஆடி முடிந்தால் தீபாவளி வரை பந்து கிடையாது.

ஐந்தாவது, விலை. செட் 42 வெள்ளி. பொருள் 7, கூலி 12 போக 23 நிற்கும். அதில்தான் வாடகை, தபால், மகனின் நேரம் எல்லாம்.

மறுத்த ஆர்டர் (2023 ஜனவரி)

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பாலர் பள்ளி 40 செட் கேட்டது, சற்றே சிறிய பந்தாக. 25 வெள்ளி விலையிலேயே 1,000 வெள்ளி, ஒரே ஆர்டர், முன்பணமும் தருவதாகச் சொன்னார்கள். மகனுக்கு வாங்கிக்கொள்ள ஆசை. அக்டோபரில் விட்ட காசைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணம் இருந்திருக்கும்.

நான் மூக்கில் போன பயறை நினைவுபடுத்தினேன். சட்டமும் இருக்கிறது. மலேசியாவில் 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த பொருள் எதுவும் விளையாட்டுப் பொருள்தான். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2009இல் வந்த விதிகளின்படி அது பாதுகாப்புத் தரத்துக்கு உட்பட்டு, அதைக் காட்டும் எம்சி முத்திரையோடு விற்கப்பட வேண்டும். பெரியவர்கள் பழகுவதற்கென்று விற்கும் பந்தை, பாலர் பள்ளிக்கு என்று தெரிந்தே தைத்துக் கொடுத்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. சோதனைக்கு அனுப்பும் செலவை 40 செட் தாங்காது.

கேழ்வரகு பயறைவிடச் சிறியது, உள்பையும் இருக்கிறது, பிரச்சினை வராது என்று மகன் வாதாடினார். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அம்மாதான் முடித்து வைத்தார். "நாலு வயசுப் பிள்ளைக்குப் பல்லு இருக்கு," என்றார். ஆர்டர் திரும்பிப் போயிற்று. அதன் பிறகு உறையில் மூன்று மொழியிலும் ஒரு வரி சேர்ந்தது: பெரியவர்களின் பயிற்சிக்கு மட்டும், உள்ளே தானியம் இருக்கிறது, நனைக்கக் கூடாது.

பின்விளைவு

விலை ஏறியதும் விற்பனை சரிந்தது. 2023 மே மாதம் 9 செட். மகன் சோர்ந்துபோய் 30க்கு இறக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், உண்மையில் எனக்கும் நிச்சயமில்லை. 2024இல் மாதம் 14 செட் என்ற அளவில் நின்றது. ஒருமுறை வாங்கியவர்கள் நாலாவது, ஐந்தாவது பந்தைத் தனியாகக் கேட்டு வருகிறார்கள். முதலில் வாங்கிய மூன்றோடு எடை ஒத்துப்போக வேண்டும் என்பதால் ஒவ்வொரு செட்டின் எடையையும் மகன் எழுதி வைத்திருக்கிறார். ஏற்றத்தாழ்வு 2 கிராமுக்குள். இயந்திரத்தோடு வேலை செய்கிறவர், அந்த நோட்டு மட்டும் முதல் நாளிலிருந்தே சுத்தமாக இருந்தது. நேரத்துக்கு அப்படி ஒரு நோட்டு இல்லாமல் போனதுதான் விசித்திரம்.

14 செட்டில் வாடகைக்கும் தபாலுக்கும் முன் 322 வெள்ளி நிற்கிறது. மேசையை மாதம் ஒரு ஞாயிறாகக் குறைத்தார்கள். தொழிற்சாலை வேலையை விடும் பேச்சு 2022இல் அடிக்கடி எழுந்தது, இப்போது எழுவதில்லை. இடையில் துடைப்பக் கட்டையையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் வைத்து ஜக்லிங் கட்டை செய்து பார்த்தார். ஒன்றின் சமநிலைகூட மற்றொன்றைப்போல வரவில்லை. அதை வியாபாரமாக்காமல் வீட்டோடு நிறுத்திக்கொண்டார்.

2023 தீபாவளிக்கு அம்மா ஒரு ரவிக்கையைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் முந்தைய வருடம் போனவர்களில் எல்லாரும் திரும்பி வரவில்லை. ஆறேழு பேர் வேறு தையல்காரரைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நஷ்டம் எந்தத் தாளிலும் ஏறாது.

இப்போது செய்வதென்றால்

முதல் 20 வெள்ளியை வாங்குவதற்கு முன்பே கடிகாரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பத்துப் பந்து போதும், ஓர் ஒழிந்த மத்தியானம். நிரப்பும் பொருளை மூன்று மாதம் டப்பாவில் மூடி வைத்துப் பார்த்துவிட்டு விற்றிருந்தால் வண்டு வீட்டிலேயே வந்திருக்கும். 25 கிலோ மூட்டைக்கு முன் ஒரு கிலோ வாங்கியிருக்கலாம்.

என் பக்கத்திலும் தவறு உண்டு. நான் தாளை இருவர் முன்னாலும் சேர்த்து வைத்தேன். மகனிடம் முதலில் தனியாகக் காட்டியிருந்தால், அம்மாவிடம் அவரே சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்கும். கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற அவசரத்தில் அதை யோசிக்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது ஊசியில் நூல் கோக்கக் கண் சரியாகத் தெரிவதில்லை. பக்கத்து புளோக்கில் ஓர் அக்காவுக்குப் பத்துப் பந்து கொடுத்துப் பார்த்தார்கள். தையல் நன்றாக இருக்கிறது. பந்துக்கு 5 வெள்ளி கேட்கிறார். விலையை 45 ஆக்குவதா என்று மகன் போன வாரம் எனக்குச் செய்தி அனுப்பினார். கூடவே நேரம் எழுதிய தாளின் படமும் இருந்தது: அந்த அக்காவுக்குப் பந்துக்கு 19 நிமிடம், மகனுக்கு 7.